இடிச்சுக் கட்டுறதா, ஊருக்கு வெளிய போறதா, மனை வாங்குறதா, வாடகையிலயே இருக்கறதா

எங்க பிளாக் வடசென்னைல இருக்கு. எழுபதுகள் கடைசில குடிசை மாற்று வாரியம் கட்டுன நாலு மாடி போர்டு வீடு, ஒரு வீடு 230 சதுர அடி கூட வராது. சுவத்துல எழுதியிருந்த 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' பாதி உரிஞ்சு போச்சு, மேல்மாடில சீலிங் பேந்து கம்பி தெரியுது, மழை வந்தா அந்த வீட்டுக்காரங்க கீழ எங்க வீட்டுக்கு வந்து படுத்துக்கறாங்க. இடிச்சுட்டு புதுசா கட்டலாம்னு பேச்சு வந்ததுல இருந்து மாடிப்படில தினமும் இதே வாக்குவாதம்தான், ஒருத்தர் இங்கயே கட்டித் தரட்டும்ங்கறாரு, ஒருத்தர் தெக்கால பெரிய வீடா தராங்களாம் போயிடலாம்ங்கறாரு, இன்னொரு அக்கா இருக்கற நகைய வித்து மீஞ்சூர் பக்கம் சின்னதா ஒரு மனை போட்டுடலாம்ங்கறாங்க.

வெறும் வாயால பேசிட்டு இருந்தா முடிவு வராதுன்னு நாங்க நாலு பேரு ஒரு நோட்டை எடுத்துகிட்டு மூணு மாசம் வீடு வீடா போனோம், வாடகை புரோக்கருங்க, மனை விக்கறவங்க, ஏற்கனவே வெளிய போனவங்க எல்லார்கிட்டயும் பேசினோம். அதுல எனக்குப் புரிஞ்சத இங்க எழுதறேன், ஏன்னா இதே முடிவு இன்னும் நிறைய ஏரியாவுக்கு வரப்போகுது.

வீடு வேணுமான்னு கேட்டா எல்லாரும் வேணும்னுதான் சொல்லுவாங்க, அதை வச்சு ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. நாங்க கேட்டது வேற. வாடகை எவ்ளோ, அட்வான்ஸுக்கு யாருகிட்ட கடன் வாங்கினீங்க, வேலைக்கு எத்தனை மணிக்கு கெளம்புறீங்க, ராத்திரி யார் எங்க படுக்கறாங்க. இந்த கடைசி கேள்விதான் எங்க கண்ணத் தொறந்துச்சு. பையனுக்கு கல்யாணம் ஆனா அப்பா வராண்டாவுக்குப் போயிடறாரு, ரெண்டாவது பையனுக்கும் ஆச்சுன்னா நடுவுல ஒரு புடவைய கட்டித் தடுக்கறாங்க, வயசுக்கு வந்த பொண்ணு எதிர் வீட்டு ஆயா கூட போய் படுக்குது. பேருக்கு ஒரு வீடு, உள்ள மூணு குடும்பம்.

இது எங்க பிளாக் கதை மட்டும் இல்ல. 2012ல மத்திய அரசோட நிபுணர் குழு ஒண்ணு நகரத்து வீட்டுப் பற்றாக்குறைய கணக்கு போட்டுச்சு, நாடு முழுக்க 1 கோடியே 88 லட்சம் வீடு கம்மின்னு வந்துச்சு, தமிழ்நாட்டுக்கு மட்டும் 12.5 லட்சம். நாடு முழுக்க உள்ள அந்தக் கணக்கை பிரிச்சுப் பாத்தா வீடே இல்லாதவங்க 5 லட்சத்து சொச்சம் குடும்பம்தான், ஏறக்குறைய 1.5 கோடி குடும்பம் இருக்கற வீட்லயே நெரிசல்ல கெடக்குற குடும்பம், அதாவது கல்யாணம் ஆன ஜோடிக்குத் தனி ரூம் இல்லாதவங்க. பற்றாக்குறைல 95 சதவீதத்துக்கு மேல ரொம்ப கம்மி வருமானக் காரங்களோடது. அதே நேரத்துல 2011 சென்சஸ்ல நகரங்கள்ல பூட்டிக் கெடந்த வீடு மட்டும் 1 கோடியே 11 லட்சம். அப்ப வீடு நிறைய கட்டிக் குவிச்சா தீந்துடும்னு சொல்றது சரியா வரல, வேணுங்கற ஆளுக்கு, வேணுங்கற எடத்துல, அவங்க குடுக்க முடியற காசுல வீடு இல்லைங்கறதுதான் விஷயம். நான் ஒவ்வொரு வழியையும் இந்த கண்ணாடி வழியாதான் பாக்குறேன்.

தனியார் பிளாட்ட பத்தி சீக்கிரமா சொல்லி முடிச்சிடறேன். ரேடியோல, பஸ் பின்னாடி எல்லாம் 'அஃபோர்டபிள் ஹோம்ஸ்'னு விளம்பரம் வருதுல்ல, ஜிஎஸ்டி சட்டப்படி பெருநகரத்துல 60 சதுர மீட்டருக்குள்ள 45 லட்சம் வரைக்கும் இருக்கற வீடு எல்லாம் அஃபோர்டபிள்தான், 1 சதவீதம் வரி. சரி, அதுல 36 லட்சம் பேங்க் லோன்னு வச்சுப்போம், 9 சதவீத வட்டி, 20 வருஷம், மாசத் தவணை 32,000த்துக்கு மேல வருது. பிரதமர் ஆவாஸ் யோஜனால பொருளாதாரத்துல நலிஞ்ச குடும்பம்னா வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள, அதாவது மாசம் 25,000. முழு சம்பளத்தையும் அப்படியே குடுத்தாலும் தவணை கட்ட முடியாது. சம்பளத்துல 30 சதவீதம், 7,500 ரூபா வீட்டுக்கு ஒதுக்கலாம்னா பேங்க் வட்டில 8 லட்சத்து சொச்சம் கடன் வாங்கலாம், ஆனா சம்பள சிலிப் இல்லாத மேஸ்திரிக்கும் மீன் விக்கற அக்காவுக்கும் பேங்க் எங்க தருது, ஃபைனான்ஸ் கம்பெனிதான் தரும், அங்க 14 சதவீதம்னா அதே 7,500க்கு 6 லட்சம்தான். இந்த 6 லட்சத்துக்கும் அந்த 45 லட்சத்துக்கும் நடுவுலதான் நாங்க எல்லாரும் நிக்கறோம். 2024ல வந்த ஆவாஸ் யோஜனா 2.0ல 35 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள வீட்டுக்கு வட்டி மானியமா 1.80 லட்சம் அஞ்சு தவணைல தராங்க, கவர்மென்ட்லயோ கம்பெனிலயோ நிலையான வேலைல இருக்கறவங்களுக்கு அது உதவும், எங்க பிளாக்ல அந்த மாதிரி ரெண்டு மூணு குடும்பம் இருக்கு, அவங்க கண்டிப்பா அதைப் பாக்கணும். மத்தவங்களுக்கு இது வழியே இல்ல.

இனி ஊருக்கு வெளிய போற கதை. சென்னைக்குத் தெக்கால ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் கண்ணகி நகர் 2000ம் வருஷத்துல இருந்து வந்துச்சு, அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். கண்ணகி நகர்ல மட்டும் 15,000 வீட்டுக்கு மேல, பெரும்பாக்கத்துல 20,000த்துக்கும் மேல, எட்டு அடுக்கு பில்டிங்கா வரிசையா நிக்குது. கூவம், அடையாறு கரைல இருந்தவங்கள 2015 வெள்ளத்துக்கு அப்புறம் நிறைய பேரை அந்தப் பக்கம்தான் அனுப்பினாங்க. ஆரம்பத்துல கட்டின வீடுங்க 200 சதுர அடிக்கும் கம்மி, பின்னாடி கட்டினது பரவாயில்ல, தனி கக்கூஸ், தனி கிச்சன், பால்கனி எல்லாம் இருக்கு. வீடா மட்டும் பாத்தா எங்க பிளாக்கை விட நல்ல வீடுதான், அதை மறைக்கக் கூடாது.

எங்க அத்தை அந்த மாதிரி தெக்கால ஒரு காலனிக்குப் போனவங்க. இங்க இருந்தப்ப மூணு வீட்ல வேலை செஞ்சாங்க, காலைல 6 மணிக்கு ஒரு வீடு, 8 மணிக்கு ஒரு வீடு, மதியம் பாத்திரம் கழுவ ஒரு வீடு, எல்லாமே நடந்து போற தூரம், நடுவுல வீட்டுக்கு வந்து பசங்களுக்கு சோறு ஆக்கிட்டுப் போவாங்க. அங்க போனதும் 6 மணி வீடு போச்சு, ஏன்னா 4 மணிக்கு கெளம்பணும். மதிய வீடும் போச்சு, நடுவுல திரும்பி வர முடியாது. மூணு சம்பளம் ஒண்ணாச்சு. சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அது பெரிய உதவிதான், ஆனா போய் வர மூணு மணி நேரத்தை யாரு திருப்பித் தருவாங்க. மாமா கோயம்பேடு மார்க்கெட்ல மூட்டை தூக்கறவரு, ராத்திரி வேலை, பஸ் இல்லாத நேரம், அதனால வாரத்துல நாலு நாள் மார்க்கெட்லயே படுத்துக்க ஆரம்பிச்சாரு. வீடு கெடச்சுது, குடும்பம் ரெண்டு எடத்துல ஆச்சு. பசங்களுக்கு இன்னொரு பிரச்சனை, வேலைக்கு அப்ளை பண்ணும்போது அட்ரஸைப் பாத்துட்டு தள்ளி வைக்கறாங்கன்னு அங்க இருக்கற பசங்க நிறைய பேரு சொல்றாங்க, அது அந்தப் பசங்க தப்பே இல்ல, அங்க இருபது வருஷமா கஷ்டப்பட்டு கடை வச்சு, பள்ளிக்கூடம் கேட்டு வாங்கி, டீம் ஆரம்பிச்சு விளையாடி ஒரு ஊரையே உண்டாக்கியிருக்காங்க.

அதனால வெளிய போறதை நான் கணக்கு போடற விதம் இது. புது வீட்டு மாசச் செலவோட பஸ் ஷேர் ஆட்டோ காசு, போன சம்பளம், கொறைஞ்ச நேரம் எல்லாத்தையும் சேத்து எழுதுங்க. எங்க அத்தை கணக்குல அப்படிப் பாத்தா ஓசியா கெடச்ச வீடு அவங்க குடுத்துட்டு இருந்த 4,000 ரூபா வாடகைய விட அதிகமா செலவு வச்சுது. ஓஎம்ஆர்லயே வேலை பாக்குறவங்க, ஐடி கம்பெனில ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலைல இருக்கறவங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழா வரும், அவங்க போகட்டும், விருப்பப்பட்டுப் போகட்டும். மொத்த ஏரியாவையும் லாரில ஏத்தறதும், அதுவும் பசங்க பரீட்சை எழுதுற நேரத்துல ஏத்தறதும் வேற விஷயம்.

அதே எடத்துல இடிச்சுக் கட்டுறது. என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா கண்ண மூடிட்டு இல்ல. பழைய பிளாக்லயே இருந்துடலாம்னு சொல்ற பெரியவங்களுக்கு நான் திருவொற்றியூர் அரிவாக்குளத்தை ஞாபகப்படுத்தறேன். 2021 டிசம்பர் 27, 24 வீடு இருந்த பிளாக் அப்படியே சரிஞ்சுது, விரிசலைப் பாத்து முன்னாடியே எல்லாரையும் வெளிய கொண்டு வந்ததால உயிர் போகல. எங்க பிளாக் அதை விடப் பழசு, ஒவ்வொரு மழைலயும் நான் தூங்கறதில்ல.

புதுசா கட்டுனா அடுக்கு அதிகமாகும், வீடு 400 சதுர அடி பக்கம் வரும், வேலை அப்படியே இருக்கும், பசங்க அதே ஸ்கூல், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கற தூரம். இதெல்லாம் தெரிஞ்சதுதான். நம்ம மாட்டிக்கற எடம் நாலு இருக்கு, அதைத்தான் பேசணும்.

ஒண்ணு, கட்டி முடிக்கற வரைக்கும் எங்க போறது. இடமாற்றத்துக்கு குடும்பத்துக்கு 24,000 ரூபா தராங்க, முன்னாடி 8,000 இருந்துச்சு, ஏத்தினது நல்லது. ஆனா ஒன்றரை வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 1,333 ரூபா. எங்க தெருவுல ஒரு ரூம் போர்ஷன் 5,000த்துக்கு கீழ கெடைக்கல, அட்வான்ஸ் தனி. அதுவும் 200 குடும்பம் ஒரே மாசத்துல வீடு தேடினா வாடகை இன்னும் ஏறும், பக்கத்துத் தெரு ஓனருங்க இப்பவே ஏத்திட்டாங்க, நோட்டுல எழுதி வச்சிருக்கேன். கட்டட வேலை இழுத்து ரெண்டரை மூணு வருஷம் ஆச்சுன்னா தண்டல் (தினவட்டிக் கடன்) வாங்கிதான் வாடகை குடுக்கணும்.

ரெண்டு, தரம். 2021ல புளியந்தோப்பு கேபி பார்க்ல புதுசா கட்டுன ஒன்பது மாடி வீட்ல கையால சுரண்டினா பூச்சு உதிருதுன்னு பெரிய பிரச்சனை ஆச்சு, அப்புறம் ஐஐடி ஆட்களை விட்டு ஆய்வு பண்ண வேண்டி வந்துச்சு. குடி போன பின்னாடி ஆய்வு பண்றதை விட கட்டும்போதே வெளி ஆட்களை வச்சு சோதிக்கறது சுலபம், ரிப்போர்ட்ட தமிழ்ல பிளாக் வாசல்ல ஒட்டணும்னு கேக்கலாம். மாடி ஏற ஏற லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் செலவும் ஏறும். நம் குடியிருப்பு நம் பொறுப்புன்னு ஒரு திட்டம் இருக்கு, குடியிருப்போர் சங்கம் வசூல் பண்ற அளவுக்கு அரசும் சமமா போடும், அந்த சங்கத்தை இப்பவே பதிவு பண்ணி வச்சா நல்லது.

மூணாவதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம். இடிச்சுக் கட்டும்போது பழைய கதவு நம்பரை எண்ணி அத்தனை வீடு தருவாங்க, 200 கதவுன்னா 200 வீடு. ஆனா எங்க நோட்டுப்படி அந்த 200 கதவுக்குள்ள அதை விட ரொம்ப அதிகமான ஜோடிங்க இருக்காங்க. அடுக்கு அதிகமாகி கூடுதலா வர வீடுங்க இதே பிளாக்ல நெரிசல்ல இருக்கற பசங்களுக்கு முதல்ல போகணும், அவங்க காசு கட்டியே வாங்கிக்கட்டும். ஓசியா வேணாம், தவணை குடுங்க, அப்பா வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு வீடு குடுங்கன்னு கேக்கறதுல என்ன தப்பு? நிபுணர் குழு சொன்ன அந்த 1.5 கோடி நெரிசல் குடும்பத்துக்கு தீர்வு இதுல இருக்கு, இன்னொரு ஊர்ல புதுசா ஒரு காலனி கட்டுறதுல இல்ல.

நாலு, பேரு. எங்க பிளாக்ல ஒதுக்கீடு வாங்கின பழைய ஆளுங்க பாதிப் பேரு இப்ப இல்ல, வித்துட்டோ வாடகைக்கு விட்டுட்டோ போயிட்டாங்க. 20 ரூபா பத்திரத்துல எழுதி காசு குடுத்து வாங்கினவங்க இருக்காங்க, பதினஞ்சு வருஷமா வாடகைல இருக்கறவங்க இருக்காங்க. லிஸ்ட் போடும்போது இவங்க பேரு வராது, வராத ஆளு கையெழுத்து போடமாட்டாரு, கையெழுத்து வரலைன்னா வேலை நிக்கும். இதை மூடி மறைச்சுட்டு மீட்டிங் போட்டா கடைசில பக்கத்து வீட்டுக்காரங்களே அடிச்சுக்குவோம்.

மனை விஷயத்துக்கு வரேன். அந்த அக்கா சொன்னதை முதல்ல நான் ஒத்துக்கல, அப்புறம் பழைய கதையைக் கேட்டுட்டு மனசு மாறினேன். 1970கள் கடைசில உலக வங்கி கடன்ல சென்னை நகர வளர்ச்சித் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர்ல எல்லாம் மனைய பிரிச்சு ரோடு, தண்ணி, சாக்கடை போட்டு, சின்ன மனைல ஒரு கக்கூஸும் கட்டி குடுத்து, வீட்டை நீங்களே கட்டிக்கங்கன்னு விட்டாங்க. ஏழைங்களுக்கு குடுத்தது ஏறக்குறைய ஒரு சென்ட் மனை, பெரிய மனைங்கள மார்க்கெட் விலைக்கு வித்து அந்தக் காசை சின்ன மனை விலையக் கொறைக்க வச்சாங்க, எல்லா வருமானக் காரங்களும் ஒரே லேஅவுட்ல. அந்த நேரத்துல இது தோல்வின்னு பேசினாங்க, வீடு மெதுவா வருது, பாதி மனை காலியா கெடக்குதுன்னு. இருபது வருஷத்துக்கு மேல கழிச்சு உலக வங்கி ஆட்களே திரும்பப் போய் பாத்தா அது நல்ல நெருக்கமான, கடை கண்ணியோட உயிரோட்டமா ஒரு ஊராயிடுச்சு. ஒரு ரூம்ல ஆரம்பிச்சு, மக கல்யாணத்துக்கு மேல ஒரு மாடி, அப்புறம் அதுக்கு மேல ஒரு வாடகை போர்ஷன். புடவை கட்டித் தடுக்கறதுக்கு பதில் அங்க மாடி ஏறுச்சு.

ஆனா அன்னைக்கு அரும்பாக்கம் ஊர் ஓரம், இன்னைக்கு ஊர் ஓரம் மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர். வேலை தூரம்ங்கற பிரச்சனை திரும்ப வந்துடுது. மனை விலையோட பத்திரப் பதிவுக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம், 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சத்துக்குள்ள பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா கட்டணத்துல 1 சதவீதம் கொறையும், அதனால அக்கா பேர்லயே பதியறதுதான் நல்லது. அப்ரூவல் இல்லாத மனைய மட்டும் தொடாதீங்க, விலை பாதியா இருந்தாலும் தொடாதீங்க. பட்டா நம்ம பேர்ல இருந்தா ஆவாஸ் யோஜனால சொந்தமா கட்டிக்க மத்திய அரசு 1.5 லட்சம், 2.0 விதிப்படி மாநிலம் கொறைஞ்சது 1 லட்சம், கட்ட கட்ட தவணையா வரும். ரெண்டரை லட்சத்துல இன்னைக்கு பேஸ்மட்டமும் சுவரும்தான் வரும், மிச்சத்துக்கு மூணு லட்சமாவது கையில வேணும். ரயில்ல வேலைக்குப் போய் வர முடியறவங்களுக்கு, அவசரமில்லாம அஞ்சு வருஷத்துல கட்டலாம்னு பொறுமை இருக்கறவங்களுக்கு இது வெளிய போய் எட்டாவது மாடில இருக்கறதை விட நல்ல வழி. பிள்ளைங்களுக்கு மேல ஏற வழி இருக்கு.

வாடகை. இதைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க, அதுதான் எனக்கு வருத்தம். சென்னைல ஏறக்குறைய பாதி குடும்பம் வாடகைல இருக்கு, திட்டம் எல்லாம் சொந்த வீட்டுக்கு. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019ல நடைமுறைக்கு வந்துச்சு, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு இருக்கு, ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கிட்டா செல்லும்னும் இருக்கு, அதனால நாங்க பாத்த வீடுங்கள்ல பத்து மாசம் அட்வான்ஸ் சாதாரணமா கேக்கறாங்க. கரண்ட் பில்லைப் பாருங்க, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், ஆனா ஓனரு சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபா 10 ரூபா வாங்கறாரு, ஏழைக்குன்னு வந்த சலுகை வாடகைக்காரங்க கைக்கு வர்றதே இல்ல. மூணு லட்சம் நாலு லட்சம் மொத்தமா குடுத்து லீசுக்குப் போறவங்களும் உண்டு, மாச வாடகை இல்லைன்னு நிம்மதியா இருப்பாங்க, ஓனர் அந்த வீட்டை ஏற்கனவே பேங்க்ல அடமானம் வச்சிருந்தா ஒரு நாள் கதவுல நோட்டீஸ் ஒட்டும்போதுதான் தெரியும். லீசுக்குப் போறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாருங்க, ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணுங்க.

அரசே கட்டி வாடகைக்கு விட முடியாதான்னு கேட்டா முடியும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல தொழிற்சாலைல வேலை செய்யுற 18,720 பேரு தங்கற மாதிரி அரசோட சிப்காட் நிறுவனம் 706 கோடில கட்டி 2024ல தொறந்தாங்க. ஃபேக்டரிக்கு ஆள் வேணும்னா அது முடியுதுல்ல, அப்ப மார்க்கெட்ல மூட்டை தூக்கறவங்களுக்கும் சித்தாள் வேலைக்கு வர்றவங்களுக்கும் மாசம் 2,500, 3,000த்துக்கு ஊருக்குள்ள வாடகை வீடு ஏன் முடியாது? புதுசா கல்யாணம் ஆன எங்க பிளாக் பசங்ககிட்ட கேட்டப்ப பாதிப் பேரு சொந்த வீடு கேக்கல, நடக்கற தூரத்துல ஓனர் திடீர்னு காலி பண்ணச் சொல்லாத ஒரு ரூம் போதும்னாங்க. அதை எழுதும்போது எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, எவ்ளோ கம்மியா கேக்கறாங்க பாருங்க.

அதனால என் வரிசை இதுதான். எங்க பிளாக்குக்கு முதல்ல அதே எடத்துல கட்டுறது, கூடுதல் வீட்டுல ஒரு பங்கை விக்காம நிரந்தர வாடகை வீடா வாரியமே வச்சுக்கட்டும், அதுல லிஸ்ட்ல பேர் வராத வாடகைக்காரங்களுக்கு முன்னுரிமை. ரயில் வசதி இருக்கறவங்க, கொஞ்சம் கைல காசு வச்சிருக்கறவங்க மனை பக்கம் போகலாம், அதுக்கு நாங்க பேப்பர் பாத்து குடுக்கறோம். ஓஎம்ஆர்ல வேலை இருக்கறவங்க மட்டும் தெக்கால கேளுங்க. 24,000ங்கறதை மாச வாடகையா, வீட்டு சாவி கைக்கு வர்ற வரைக்கும் தரச் சொல்லி எழுதிக் குடுக்காம யாரும் காலி பண்ண ஒத்துக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு பிடிவாதம் உண்டு.

ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு தண்ணி டேங்க் கிட்ட உக்காருவோம். ஒதுக்கீட்டு ஆணை இருக்கறவங்க ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க, 20 ரூபா பத்திரம் வச்சிருக்கறவங்களும் பயப்படாம வாங்க, வாடகைல இருக்கறவங்க ரசீது இல்லன்னா பசங்க ஸ்கூல் ஐடியாவது கொண்டு வாங்க, அட்ரஸ் அதுல இருக்கும். மூணாவது மாடி ஆயாவால இறங்க முடியாது, அவங்க வீட்டு கணக்கை நானே மேல போய் எழுதிட்டு வரேன்.